லவோன் ஸ்கோக் கிடக்கிறாளா, கிடத்துகிறாளா

ஹார்விக் கல்லறைத் தோட்டத்தில் யாரையும் பிழையோடு புதைக்க முடியாது. உயிரோடு இருந்தபோது செய்த பிழைகள் அவரவர் பாடு, கடவுள் பாடு. கல்லில் மட்டும் பிழை இருக்கக் கூடாது. இதைப் பார்த்துக்கொள்வதற்கென்றே எங்கள் ஊரில் கல்லறை வாசகக் குழு என்று ஒன்று இருக்கிறது. மினசோட்டாவின் வடகோடியில், ஒரு பல் மருத்துவர்கூட இல்லாத ஊரில் இப்படியொரு குழு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. பல்வலி வந்தால் பக்கத்து ஊருக்குப் போய்க்கொள்ளலாம், சொற்பிழைக்கு எங்கே போவது என்பது குழுவின் பதில்.

குழு பிறந்ததற்குக் காரணம் ஆர்வில் பெங்ஸ். மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவர், பல வருடங்களுக்கு முன் அங்கேயே ரம்பத்தில் சிக்கி இறந்துபோனார். 'அமைதியில் உறங்குக' என்று கல்லில் வெட்டச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் அமைதிக்கும் பீஸ்தான், துண்டுக்கும் பீஸ்தான். காதுக்கு இரண்டும் ஒன்று, எழுத்தில்தான் வேறு. கல் வெட்டியவர் துண்டுக்குரிய எழுத்துகளைப் போட்டுவிட்டார். ஆர்வில் துண்டாக உறங்கும்படி ஆயிற்று. அவர் இறந்த விதம் தெரிந்த ஊர்க்காரர்கள் அதைத் தகவல் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். கோடையில் மீன் பிடிக்க வந்த யாரோ அதைப் படம் எடுத்து நகரத்துப் பத்திரிகைக்கு அனுப்ப, மாநிலமே சிரித்தது. அடுத்த ஊர்க் கூட்டத்தில் குழு அமைக்கப்பட்டது. ஆலையின் ரம்பத்துக்கு மூடி போட வேண்டும் என்ற கோரிக்கையும் அதே கூட்டத்துக்கு வந்திருந்தது. அதற்கு நேரம் போதவில்லை.

குழுவின் தலைவி ஹாரியட் வெல்பர்ன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்பவர்களுக்கு மறுப்புக் கடிதங்கள் எழுதும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஒரு கமாவ வச்சு ஒரு குடும்பத்தையே வாசலோட திருப்பி அனுப்பியிருக்கேன்" என்று அவரே சொல்லுவார். அவர் அதைப் பெருமையாகத்தான் சொல்லுவார். இன்னொரு உறுப்பினர் வழக்கறிஞர் கார்டன் ப்ரூட். மூன்றாம் உறுப்பினர் சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். அவருடைய கல் இன்னும் குழுவின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.

இந்தக் குழுவின் முன்னால்தான் டெல்மர் ஸ்கோக் வந்து நின்றார்.

டெல்மர் பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றிக்கொண்டு பதனிடும் ஆலையில் இறக்குகிற லாரியை ஓட்டுகிறவர். அறுபதைத் தாண்டியவர். இலையுதிர் காலத்தில் அவருடைய மனைவி லவோன் இதய நோயால் இறந்தாள். பிள்ளைகள் இல்லை. அக்கம்பக்கத்தார் கண்ணாடித் தட்டுகளில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து வேகவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் நின்றபடியே தின்று, தட்டைக் கழுவி, கொடுத்தவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். அழவில்லை. பல் பிடுங்குமுன் ஈறில் போடுகிற ஊசி உடம்பு முழுக்க இறங்கிவிட்ட மாதிரி இருந்தார். யார் எதைக் கேட்டாலும் சரி என்றார். பெட்டி ஓக் மரத்தில் செய்யலாமா என்றார்கள், சரி என்றார். பைன் மரம் போதுமே என்றார்கள், அதற்கும் சரி என்றார். பாதிரியார் எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டதற்கும் சரி என்றார். பாதிரியாரே ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாடினார்.

கல் வெட்டும் ரூபன் காஸ்ட் மட்டும் அப்படி விடவில்லை. இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"டெல், கல்லுல என்ன போடட்டும்? நீயேதாம்பா சொல்லணும்."

டெல்மர் கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்தார்.

"ஹியர் லேஸ் லவோன் ஸ்கோக். அது போதும்."

இங்கே லவோன் ஸ்கோக் படுத்திருக்கிறாள். நிலம் உறைந்துவிட்டால் வசந்தம் வரை கல் நட முடியாது என்பதால் ரூபன் அன்றே வெட்டத் தொடங்கிவிட்டார். குழுவின் ஒப்புதல் பிறகு வந்துவிடும் என்று நினைத்தார்.

குழுவின் எழுத்தர் ட்ரூடி. கல்லின் படத்தைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினாள்.

"ஐயோ டெல்மர். லேஸ் இல்ல, லைஸ்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'லை' என்றால் கிடப்பது. 'லே' என்றால் இன்னொன்றைக் கிடத்துவது. நாம் கிட, கிடத்து என்று பிரித்துச் சொல்வது போலத்தான். ஆனால் எங்கள் ஊரில் மனிதரும் நாயும் பனியும் எல்லாமே 'லே'தான். படுக்கப் போகிறேன் என்று சொல்ல 'லை' என்ற சொல்லை எடுத்தவர் யாரும் இங்கே பிறந்ததில்லை. தலைவி வெல்பர்ன் தெற்கே ஐயோவா மாநிலத்தில் பிறந்தவர்.

"சரி, லைஸ்னே மாத்திடறேன்" என்றார் டெல்மர்.

"அப்படி உடனே ஒத்துக்க முடியாது" என்றாள் ட்ரூடி. "தப்பு பதிவாயிடுச்சு. தப்புன்னா விசாரணை உண்டு. விசாரணைல வந்து ஒத்துக்கங்க."

"சரி."

விசாரணை தீயணைப்பு நிலையத்தின் மாடியில் நடந்தது. காப்பியும் எலுமிச்சைக் கேக்கும் வைத்திருந்தார்கள். கல்லை நேரில் பார்த்தாக வேண்டும் என்ற விதி இருந்ததால் ரூபன் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கீழே தீயணைப்பு லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். உறுப்பினர்கள் இருவரும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஏறிவந்து உட்கார்ந்தார்கள்.

"மிஸ்டர் ஸ்கோக்" என்று தலைவி ஆரம்பித்தார். "உங்க மனைவி எதைக் கிடத்துறாங்க?"

டெல்மருக்குப் புரியவில்லை. "எதையும் இல்லீங்க மேடம். அவ இறந்துட்டா."

"அது எங்களுக்கும் தெரியும், வருத்தமாத்தான் இருக்கு. நான் கல்லுல இருக்கறதக் கேக்கறேன். 'லே'ங்கறது தன்னால நிக்காது. அதுக்கு ஒரு பொருள் வேணும். கொத்தனார் செங்கல்ல லே பண்றார். கோழி முட்டைய லே பண்ணுது. உங்க மனைவி எதை லே பண்றாங்க? இந்தக் கல்லப் படிக்கிற ஒருத்தர் அந்தக் கேள்வியோடயே வீட்டுக்குப் போகணுமா?"

டெல்மர் யோசித்தார். தலைவி காத்திருந்தார். ஏதாவது ஒன்றைச் சொன்னால் இந்த அம்மாளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"முட்டைன்னே வச்சுக்கலாங்களா மேடம்? உங்களுக்கு எது சுலபமோ அது எனக்குச் சரி."

ட்ரூடி அதைக் குறித்துக்கொண்டாள். கூட்டக் குறிப்பின் நகல் ஒன்று எப்போதும் போல மாவட்டத் தலைமையகத்துக்குப் போயிற்று. அங்கே அதை யார் படித்தார்களோ தெரியாது. ஒரு வாரம் கழித்து, காலணிகளின் மேல் நெகிழி உறை மாட்டிக்கொண்டு கோழிப்பண்ணை ஆய்வாளர் ஒருவர் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். பறவைக் காய்ச்சல் காலம். முன் அனுமதி இல்லாமல் முட்டை உற்பத்தி நடப்பதாக அவருக்குத் தகவல்.

டெல்மர் அப்போது லவோனின் மண்மேட்டின் மேல் விழுந்திருந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இங்க மொத்தம் எத்தனை இருக்கு?" என்றார் ஆய்வாளர்.

"என் பொண்டாட்டி மட்டுந்தான்."

"முட்டை?"

"இல்லீங்க."

"எப்ப நின்னுது?"

"செப்டம்பர் கடைசில."

ஆய்வாளர் மேட்டைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். மண்ணைக் கொஞ்சம் எடுத்து ஒரு குப்பியில் போட்டுக்கொண்டார். பறவைகள் ஏதும் வருவதுண்டா என்று கேட்டார். காக்கை வரும் என்றார் டெல்மர். அது வேறு துறை என்று ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போனார். வேலியில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது. உற்பத்தி நின்றுவிட்டதாகவும், மீண்டும் தொடங்கினால் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

ரூபனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ ஏம்பா முட்டைன்னு சொன்ன?"

"அந்தம்மா கேட்டுகிட்டே இருந்தாங்க" என்றார் டெல்மர்.

அடுத்த விசாரணைக்கு ரூபனும் கூடவே வந்து உட்கார்ந்தார். 'லைஸ்' என்று மாற்றிவிடச் சம்மதம் என்று டெல்மர் சொன்னார். தலைவி தலையசைத்தார். முத்திரையைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். அப்போதுதான் கார்டன் ப்ரூட் தொண்டையைச் செருமினார்.

"ஒரு நிமிஷம் ஹாரியட். 'லைஸ்'னா பொய் சொல்றாங்கன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. 'இங்கே லவோன் ஸ்கோக் பொய் சொல்கிறாள்.' இதுல நம்ம முத்திரை விழணுமா? ஒரு பொது அமைப்பு, பதில் சொல்ல முடியாத ஒரு அம்மாவப் பத்தி, அதுவும் கருங்கல்லுல."

"எல்லா ஊர்லயும் அப்படித்தானே போடறாங்க?" என்றார் ரூபன்.

"அந்த ஊர்ல எல்லாம் வக்கீல் இருந்திருக்க மாட்டாங்க" என்றார் கார்டன். பிறகு டெல்மர் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க மனைவி பொய் சொல்றவங்களா, மிஸ்டர் ஸ்கோக்?"

"இல்லீங்க."

"ஒரு தடவைகூட?"

அப்படிக் கேட்டால் டெல்மரால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. அவர் நேர்மையான மனிதர். காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி யோசித்தார். கீழே யாரோ தீயணைப்பு லாரியைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு சொல்லுவா" என்றார் கடைசியில். "கூடத்துல ஒரு சாய்வு நாற்காலி இருக்கு. அது வசதியா இருக்குன்னு சொல்லுவா. அது வசதி இல்ல. எனக்குத் தெரியும்."

"எப்பவாவதா சொல்லுவாங்க?"

"தினமும்."

கார்டன் பின்னால் சாய்ந்துகொண்டார். "அப்ப பழக்கமா."

ரூபன் எழுந்து நின்றார். டெல்மர் அவருடைய சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நான் நிகழ்காலத்துல கேக்கறேன்" என்றார் தலைவி. அவர் எப்போதும் பிரச்சினையின் ஆணிவேருக்குப் போகிறவர். "இப்பவும் சொல்றாங்களா?"

"இப்ப ஒண்ணும் சொல்றதில்லீங்க மேடம்."

"பாத்தீங்களா கார்டன். அப்ப நிகழ்காலமே செல்லாது." தலைவியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளியே தெரிந்த தானியக் கிடங்கிடம் சொல்வதுபோல் பேசினார். "நாம ஏன் நிகழ்காலத்தையே புடிச்சுத் தொங்கறோம்? கிடப்பதுங்கற 'லை'க்கு இறந்தகாலம் என்ன? யாருக்காவது ஞாபகம் இருக்கா? 'லே'. கிடந்தாள்னு சொல்லணும்னா 'லே'. இந்தக் கல்லுல 'லேஸ்'னு ஏற்கெனவே வெட்டியிருக்கு. கடைசி எழுத்த மட்டும் தேச்சு எடுத்துட்டா, தப்பான சொல்லு சரியான சொல்லாயிடும். ஒரே ஒரு எழுத்து. முப்பது வருஷம் ஆபீஸ்ல உக்காந்து எத்தனையோ பேர எழுதியே திருப்பி அனுப்பியிருக்கேன். இவ்வளவு அழகான தீர்வு எனக்கு அமைஞ்சதே இல்ல."

கார்டன் கைதட்டினார். ட்ரூடியும் தட்டினாள்.

"உங்களுக்குச் சம்மதமா மிஸ்டர் ஸ்கோக்?"

"சரி" என்றார் டெல்மர்.

ரூபன் அந்த எழுத்தைத் தேய்த்து எடுத்தார். அது இருந்த இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. 'இங்கே லவோன் ஸ்கோக் கிடந்தாள்.' முத்திரை விழுந்தது. நடுவதற்கு நாள் குறித்தார்கள். அந்த நாளுக்கு முன்பே ட்ரூடி தொலைபேசியில் அழைத்தாள்.

"டெல்மர், ஒரு சின்ன விஷயம். தப்பா நினைக்காதீங்க. கிடந்தாங்கன்னு குழுவே முத்திரை போட்டிருக்கில்ல. கிடந்தாங்கன்னா, இப்ப இல்லைன்னு அர்த்தம். கல்லறை வாரியத்துல அந்த இடத்தக் காலின்னு போட்டுட்டாங்க. நான் எடுத்துச் சொன்னேன். வாசகத்துல தப்பு கண்டுபிடிக்கறது அவங்க வேலை இல்லைன்னுட்டாங்க."

"சரி."

"எது சரி?"

டெல்மருக்கும் தெரியவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்.

அங்கே மினியாப்பொலிஸிலிருந்து வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும் அளவு நாடாவை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏரிப்பக்கம் ஒரு வீடு வாங்கியிருக்கிறார்களாம், அப்படியே இதையும் பார்த்து வைத்துவிடலாம் என்று வந்தார்களாம். நல்ல மனிதர்கள். அந்தப் பெண் தன் மேலங்கியை மண்மேட்டின் மேல் விரித்து, படுத்து, வானத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு க்ரெக்" என்றாள். "ஆனா நடுவுல கொஞ்சம் மேடா இருக்கு. சமப்படுத்திக் குடுப்பாங்களா?" டெல்மரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். "நீங்க இந்த ஊரா? இந்த இடம் எப்படி?"

"மத்தியானத்துக்கு மேல வெயில் வராது" என்றார் டெல்மர். "ஸ்ப்ரூஸ் மரம் மறைச்சுடும். காலைல நல்லா வரும்."

"பக்கத்துல எல்லாம் யாரு?"

"அந்தப் பக்கம் ஹால்வர்சன். சத்தம் போடாத மனுசன். இந்தப் பக்கம் நான் வருவேன்."

அந்தப் பெண்ணுக்கு அது பிடித்திருந்தது. தங்கள் பெயர் அட்டையை அவரிடம் கொடுத்தாள். டெல்மர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவர்களுடைய கார் போகும்வரை கையசைத்துவிட்டு, அந்தப் பெண் படுத்திருந்த இடத்தில் அமுங்கியிருந்த மண்ணைக் கையால் தட்டிச் சரிசெய்தார். மறுபடியும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்ப மறந்து அப்படியே இருந்தார். பண்ணைக்காரர் ஒருவர், பால் ஏற்ற ஏன் இன்னும் வரவில்லை என்று அழைத்தபோதுதான் கிளம்பினார்.

மூன்றாம் விசாரணையைக் குழுவே கூட்டியது. மினியாப்பொலிஸ் தம்பதி அந்த இடத்தைக் கேட்டு எழுதியிருந்தார்கள். சிக்கலான நிலைமை என்பதால் அன்று கேக் இரண்டு வகை இருந்தது. ஊரிலும் பேச்சு பரவி, சிலர் சுவரோரம் வந்து நின்றிருந்தார்கள். தலைவி அவர்களையும் பார்த்துப் பேசினார்.

"இந்தக் குழுவுக்கு மனசே இல்லைன்னு கடைத்தெருவுல பேசிக்கறாங்களாம். மனசு இருக்கு. அத நாங்க கூட்டத்துக்குக் கொண்டு வர்றதில்ல, அவ்வளவுதான். செத்துப்போனவங்களப் பத்தி எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் எங்களால நடுநிலையா இருக்க முடியுது. நடுநிலைக்கு இங்கிலீஷ்ல டிஸ்இன்ட்ரஸ்டட், அக்கறை இல்லைங்கறதுக்கு அன்இன்ட்ரஸ்டட், மயிரிழைதான் வித்தியாசம். ஜனங்க ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறாங்க. சில சமயம் நாங்களே குழப்பிக்கறோம். துக்கம் வரும், ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துல போயிடும். எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போகலைன்னா அது காலாகாலத்துக்கும் நிக்கும்."

பிறகு கார்டன் நிலைமையை விளக்கினார். கல், கிடந்தாள் என்கிறது. கணவர், கிடக்கிறாள் என்கிறார். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. முத்திரை விழுந்த கல்லைக் குழு சந்தேகிக்க முடியாது, கணவரையும் சந்தேகிக்க விரும்பவில்லை. ஆகவே ஒரே வழிதான் இருக்கிறது.

"தோண்டிப் பாத்துடலாம்" என்றார். "நிலம் உறையறதுக்கு முன்னாடி. மரியாதையா, சுத்தமா. அவங்க இருந்தாங்கன்னா, திரும்ப நிகழ்காலத்துக்குப் போற வழியப் பாக்கலாம். ஒரு மணி நேர வேலை. மிஸ்டர் ஸ்கோக்குக்கு ஆட்சேபம் இருக்காதுன்னு நினைக்கறேன்."

ட்ரூடி 'சரி' என்று எழுதியேவிட்டாள்.

"வேண்டாம்" என்றார் டெல்மர்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவரும் இதை யார் சொன்னது என்பதுபோலப் பார்த்தார்.

"என்ன சொன்னீங்க?" என்றார் தலைவி.

"வேண்டாங்க மேடம். அவளத் தொடாதீங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. ஆலையில் பால் அளவைச் சொல்கிற குரல்தான். "அவளால படுக்க முடியாது. படுத்தா நெஞ்சுல தண்ணி கோத்துகிட்டு மூச்சு முட்டும். மாசக்கணக்கா அந்த நாற்காலில உக்காந்துகிட்டேதான் தூங்கினா. தினமும் சாயங்காலம் அந்த ஒண்ணத்தான் கேப்பா. 'ஐ ஜஸ்ட் வான்ட் டு லே டவுன், டெல்.' கொஞ்சம் படுக்கணும், அவ்வளவுதான்னு. நான் தலகாணிய இப்படி வச்சுப் பாப்பேன், அப்படி வச்சுப் பாப்பேன். அப்பறம் அவ, விடு, நாற்காலியே வசதியாத்தான் இருக்குன்னுடுவா." ரூபன் பக்கம் கையைக் காட்டினார். "கல்லுல என்ன போடறதுன்னு ரூபன் கேட்டான். அவ சொன்ன சொல்லுதான் வாய்ல வந்துது. அது சரியா தப்பான்னு நான் யோசிக்கல. இப்பத்தான் படுத்திருக்கா. எழுப்பாதீங்க."

சுவரோரம் நின்றவர்களில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ட்ரூடி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ரூபன் தன் தொப்பிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தலைவி வெல்பர்னின் உதடு அசைந்தது. ஏதோ சொல்ல வருகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள்.

"லை டவுன்" என்றார் தலைவி, மிக மெதுவாக. "'ஐ வான்ட் டு லை டவுன்'னு சொல்லியிருக்கணும்."

அவரால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னபிறகு தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது என்பதற்குக் குழுவிடம் விதி இல்லை. கார்டன் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். சுவரோரம் நிற்கிறவர்கள் எல்லாரும் வாக்காளர்கள் என்பதும், வசந்தத்தில் அவர் நீதிபதி பதவிக்கு நிற்கப்போகிறார் என்பதும் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"ஹாரியட்" என்றார். "நம்ம அதிகாரம் கண்ணுக்குத் தெரியற வாசகத்துக்கு மட்டுந்தான். பாருங்க, முதல் பக்கத்துலயே இருக்கு. 'பார்வையில் படும்' வாசகம். படாத வாசகத்துல என்ன இருந்தாலும் நமக்கு அது இல்லாத மாதிரிதான்."

"அதனால?"

"கல்லக் குப்புறப் போடட்டும். எழுத்து மண்ணப் பாத்து இருக்கட்டும். மேல வெறும் கல்லு. வெறும் கல்லுல பிழையே வராது. கல்லு கிடக்கறதால இடமும் காலி இல்லைன்னு ஆயிடும்."

தலைவி இதைப் பலவிதமாகத் திருப்பிப் பார்த்தார். ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை. "பிழையே வர முடியாத கல்லு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அந்தச் சொற்கள் அவருக்குப் பிடித்துப்போனது முகத்தில் தெரிந்தது. ஹார்விக்கில் இனி எல்லாக் கற்களையுமே இப்படிப் போட்டால் என்ன என்று அடுத்த மாதக் கூட்டத்தில் பேசலாம் என்றும் சொன்னார்.

"உங்களுக்குச் சரியா மிஸ்டர் ஸ்கோக்?" என்றார் கார்டன்.

டெல்மர் இந்த முறை உடனே சரி என்று சொல்லவில்லை. ரூபனைப் பார்த்தார்.

"தேச்ச எழுத்தத் திரும்ப வெட்ட முடியுமா?"

"அந்த இடம் பள்ளமாயிடுச்சு டெல். வெட்டலாம். கொஞ்சம் ஆழமா விழும். கோணலா இருக்கும்."

"இருக்கட்டும்."

கல்லை இறக்கிய அன்று லேசாகப் பனி தூறிக்கொண்டிருந்தது. மண் இன்னும் முழுதாக இறுகவில்லை. ரூபன் இரண்டு பெல்ட்டுகளில் கல்லைக் கட்டித் தூக்கி, எழுத்துப் பக்கத்தைக் கீழே திருப்பினார். திருப்பும்போது ஒரு கணம் அது முழுதாகத் தெரிந்தது. கடைசி எழுத்து மட்டும் பள்ளத்துக்குள் தனியாக, மற்றவற்றைவிடக் கறுப்பாக இருந்தது. தலைவி வெல்பர்ன் விதிப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முத்திரையோடு வந்திருந்தார். எங்கே குத்துவது என்று தெரியாமல் கையுறைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்.

கல் மண்ணில் அமர்ந்தது.

"இப்ப நாம கல்ல லே பண்ணோம்" என்றார் தலைவி. "இனிமே கல்லு லை பண்ணும். ரெண்டையும் சரியான இடத்துல பாத்து எத்தனை நாளாச்சு." சுற்றிலும் பார்த்தார். கேட்கிறவர்கள் யாரும் இல்லாததால் காருக்குப் போய்விட்டார்.

ரூபன் பெல்ட்டுகளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "இவ்வளவு பாடுபட்டு வெட்டி, ஒருத்தர் கண்ணுலயும் படாம போச்சேப்பா."

டெல்மர் குனிந்து, கல்லின் ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தள்ளினார்.

"அவ பக்கமாத்தானே இருக்கு" என்றார்.

ரூபன் தன் வண்டியில் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார். பிற்பகல்தான். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் இன்னொரு கண்ணாடித் தட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார். டெல்மர் அதை உள்ளே எடுத்து வைத்தார். கூடத்தைத் தாண்டிப் படுக்கையறைக்குப் போனார். லவோன் நாற்காலிக்குப் போன நாளிலிருந்து அவரும் அந்தக் கட்டிலில் படுக்கவில்லை. அவள் கைக்கு எட்டும் தூரத்தில், கூடத்துத் தரையில்தான் படுத்திருந்தார். அவள் போன பிறகும் அங்கேயேதான். இப்போது பூட்சைக் கழற்றினார். ஒன்று கழன்றது, மற்றொன்றின் முடிச்சு இறுகியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, போர்வையின் மேலேயே, தன் பக்கத்தில், மல்லாந்து படுத்தார். கூரையைப் பார்த்தார். மூச்சு சீராக உள்ளே போய் வந்தது. அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.